பஞ்சுவின் பத்தியம்

எங்கள் மடத்து அம்பலவாண அடிகளுக்கு வயது நாற்பதுதான். அவருடைய சீடர் ஆவுடையப்பன் அறுபதைத் தாண்டியவர், தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூணே கால். நான் மடத்துச் சமையல்காரன். தினமும் அவரோடு மல்லுக்கட்டினவன் என்பதால் சொல்கிறேன்.

கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் தாங்கள் வளர்த்த ஃபெரெட் என்கிற பிராணியை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிற்று. கீரிப்பிள்ளைக்குத் தம்பி மாதிரி இருக்கும். நீள உடம்பு, வெள்ளை மூஞ்சி, பஞ்சு என்று பெயர். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆவுடையப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூடவே வந்த தீனிப் பையில் கோழிப் படம் போட்டிருந்தது. அதைத் தெருநாய்களுக்குக் கொட்டினார். மடத்துக்குள் வந்த உயிர் மடத்துச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டுமாம். பாலும் வாழைப்பழமும் வைத்தார், விசேஷ நாளில் சர்க்கரைப் பொங்கல். பசிக்கு அதுவும் தின்றது. வருகிறவர்களிடமெல்லாம் சைவத்துக்கு மாறின உயிர் என்று தூக்கிக் காட்டுவார், அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

பிறகு அதற்கு வயிறு கெட்டது. பச்சையாக, சளி சளியாகப் போயிற்று. லங்கணம் பரம ஔஷதம் என்றார் ஆவுடையப்பன். அன்றைக்குப் பிரதோஷம் வேறு. பட்டினி போட்டுவிட்டார். தானும் சாப்பிடாமல் கூண்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பதிகம் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாசத்தில் குறை சொல்ல முடியாது, அது நிஜம்.

மறுநாள் காலையில் பஞ்சு பல்லை நறநறவென்று கடித்தது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது, எச்சில் ஒழுகியது. போனது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. ஜபம் பண்ணுகிற மாதிரி வாயை அசைக்கிறது பாரும் என்றார் என்னிடம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே அடிகளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அடிகள் வந்து அதன் பிடரித் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். இழுத்த தோல் படியாமல் அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. உடனே ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

டவுனில் கால்நடை டாக்டர் மெஹருன்னிசா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ரப்பர் கிப்பர் விழுங்கி அடைத்துக்கொள்வது இந்தப் பிராணிக்கு வழக்கமாம், அப்படி எதுவும் இல்லை என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆவுடையப்பன் சொன்னார். அந்தம்மா திட்டவில்லை. இது கறி மட்டுமே தின்கிற ஜாதி, குடல் குட்டை, தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், பட்டினி தாங்காது என்றார். பாலும் பழமும் ஒத்துக்கொள்ளாது. பல்லைக் கடிப்பது வயிற்று வலி, வாயைப் பிறாண்டுவது குமட்டல், கறுப்பாகப் போவது உள்ளே புண்ணிலிருந்து வருகிற ரத்தம்.

தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார், புண்ணுக்கு மருந்து கொடுத்தார். கோழிக்கறியை வேகவைத்து மசித்து, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இன்றைக்குள் அது வாய் வைக்காவிட்டால் பிழைக்காது என்றும் சொல்லிவிட்டார். ஆவுடையப்பன் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார்.

வழியில் கறிக்கடை வாசலில் அடிகள் வண்டியை நிறுத்தச் சொன்னார். காவித் துணியோடு இறங்கி, வரிசையில் நின்றார். தெருவே பார்த்தது. கடைக்காரர் பதறிப்போய்க் காசு வேண்டாம் என்றார். அடிகள் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். அடிகளே நறுக்கினார், அடிகளே மசித்தார். ஆவுடையப்பன் தூரத்தில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அடிகள் விரலில் தொட்டு நீட்டினார். பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நீட்டினேன். எனக்கும் அதே மரியாதைதான். அதன் கண் துண்டு போட்டவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பனுக்கும் அது புரிந்தது. கிட்டே வந்தார், கிண்ணத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பிறந்ததிலேர்ந்து நான் இதைத் தொட்டதில்லை சாமி."

"தெரியும்."

"அதைப் பாவத்திலேர்ந்து காப்பாத்தறேன்னுதான் நினைச்சேன்."

அடிகள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பஞ்சு மறுபடியும் பல்லைக் கடித்தது.

"இதைத் தொட்டா என் விரதம் போயிடுமே. அந்தப் பாவம் யாருக்கு சாமி?"

"நான் வாங்கினேன், நான் நறுக்கினேன். பாவம் என்னோடதா இருக்கட்டும். நீங்க விரலை மட்டும் குடுங்க."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். விரலைக் கிண்ணத்தில் தொட்டு நீட்டினார். பஞ்சு மோந்து பார்த்தது, பிறகு நக்கியது. அவர் மறுபடியும் தொட்டு நீட்டினார்.