குதிரைகளோடு கடல் தாண்டிய கொக்கு

கடலோரப் புல்வெளி ஒன்றில் ஒரு கொக்கு இருந்தது. மாடுகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குமே, அந்த வெள்ளைக் கொக்கு. பெயர் பஞ்சவர்ணம். உடம்பில் இருந்தது ஒரே வர்ணம்தான். அதைச் சொன்னால் அதற்குக் கோபம் வரும்.

பஞ்சவர்ணத்துக்கு மாடுகள் பிடிக்காது. செவலை என்ற பெட்டைக் குதிரையின் முதுகில்தான் அதன் குடித்தனம். செவலைக்கு ஒரு குட்டி உண்டு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதன் பெயரும் சுட்டி. "என் குதிரைகள்" என்றுதான் கொக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும். குதிரைகளும் மறுத்ததில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் காய்ந்து மண் தெரிந்தது. அப்போது கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து சில ஆமைகள் ஒரு தெப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தன.

"எங்க ராஜா யானை. அவர் காட்டுல எல்லாம் இருக்கு, குதிரைதான் இல்ல. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றது மூத்த ஆமை.

"நானும் வருவேன். நான் இல்லாம என் குதிரைங்க எங்கேயும் போகாது" என்றது கொக்கு.

"ராஜா கொக்கு கேக்கலியே?"

"அவர் கேக்காட்டி என்ன? ஏறு செவலை."

மூன்றும் ஏறின. நடுக்கடலில் தெப்பம் ஆடியபோது சுட்டி நடுங்கியது. கொக்கு அதன் முதுகில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. என்ன பேசினோம் என்று கொக்குக்கே பிறகு நினைவில்லை. ஆனால் குட்டியின் நடுக்கம் நின்றது.

தீவின் கரையில் காடே கூடியிருந்தது. மரங்கொத்திகள் மேளம் கொட்டின. யானை அரசர் தன் தும்பிக்கையாலேயே செவலைக்கு மாலை போட்டார். கொக்குக்கு மாலை கிடையாது. அது செவலையின் மாலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறகு விருந்து. பலாச்சுளை, வெல்லம் போட்ட அவல், ஊறவைத்த கொள்ளு, துண்டு போட்ட கரும்பு எல்லாம் கூடை கூடையாக வந்தன. கரடி பரிமாறியது. நரி மந்திரி பக்கத்தில் நின்று கவனித்தது.

செவலை கொஞ்சம் தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தியது. "போதும்ங்க. கரையோரம் நல்ல புல்லு பார்த்தேன். எங்களுக்கு அதுவே சரி. அப்புறம் கொஞ்சம் நடக்கணும்" என்றது.

நரி பூரித்துப்போனது. "பார்த்தீங்களா ராஜா, எவ்வளவு அடக்கம்! நல்ல குடும்பத்துக் குதிரை. கரடி, இன்னும் ரெண்டு கூடை வை!"

அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். விருந்தாளி ஒரு தடவை போதும் என்றால் கூச்சம். இரண்டாம் தடவை சொன்னால் மரியாதை. மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டால் சமைத்தவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். சமைத்தவர் மூலையில் உட்கார்ந்து அழுவார். பாவம், விருந்தாளி வாயைத் திறப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

"அப்புறம், நடக்கிறதா?" என்றார் யானை அரசர். "நம்ம வீட்டுக்கு வந்தவங்களை நடக்கவிட்டா பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? மெத்தையில படுத்து ஓய்வெடுங்க." விருந்தாளிகள் கூச்சப்பட்டு எழுந்து நடந்துவிடக் கூடாது என்று இரண்டு காட்டெருமைகளை விருந்துக் குடிலின் வாசலில் காவலுக்கு நிறுத்தினார்.

செவலை கொக்கின் பக்கம் திரும்பியது. "அக்கா, நீயாவது எடுத்துச் சொல்லேன்."

கொக்கு சொல்லியிருக்கலாம். ஆனால் மாலைமேல் உட்கார்ந்ததில் அதற்கும் பெருமை ஏறியிருந்தது. "வந்த இடத்துல முகத்தைச் சுளிக்காதடி. ஆசையா தர்றாங்க. ரெண்டு நாள் தின்னுட்டுப் போ" என்றது.

செவலை தின்றது. அதைப் பார்த்துச் சுட்டியும் தின்றது. தின்பது, படுப்பது, மறுபடி தின்பது. பச்சைப் புல்லைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

ஒரு காலையில் சுட்டி எழுந்திருக்கவில்லை. அதன் வயிறு மேளம்போல விறைத்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. காலை உதறிப் புரண்டது.

"அம்மா, வலிக்குது" என்றது.

நரி மந்திரி ஓடிவந்து பார்த்தது. "இது பசி மயக்கம். நேத்து குட்டி அரைக் கூடை மிச்சம் வெச்சப்பவே எனக்குத் தெரியும். பாயசம் கொண்டு வாங்க!" என்றது.

பசி மயக்கமாம்! வயிறு வெடிக்கிற மாதிரி கிடக்கும் குட்டிக்குப் பசி மயக்கமாம். கேட்பதற்கே வயிற்றெரிச்சலாக இல்லையா?

கரடி பெரிய பானையைத் தூக்கி வந்தது. கண்ணில் நீர் தளும்பக் குட்டியின் வாயைத் திறந்தது. கரடி நல்லதுதான், அன்பானதுதான். அந்த அன்பு இன்னும் ஒரு கரண்டி ஊட்டியிருந்தால் குட்டி பிழைத்திருக்காது.

கொக்கு பறந்து வந்து கரடியின் கையில் ஒரே கொத்தாகக் கொத்தியது. "பானையைக் கீழே வை!"

யானை அரசரின் காதுகள் விடைத்தன. "உண்ணி பொறுக்குற கொக்குக்கு இவ்வளவு வாயா? நாங்க செஞ்ச உபசாரத்துக்கு இதுதான் மரியாதையா?"

"யாருக்குங்க செஞ்சீங்க உபசாரம்?" என்றது கொக்கு. "புல்லு வேணும், நடக்கணும்னு குதிரை வந்த அன்னிக்கே வாய்விட்டுச் சொல்லிச்சு. ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சா? அவ போதும் போதும்னு கெஞ்சக் கெஞ்ச, நாம எப்படிக் கவனிக்கிறோம் பாருன்னு நீங்க உங்களையே மெச்சிக்கிட்டீங்க. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது நடந்தாத்தான் இறங்கும். நடக்கவும் விடல. அடிக்க வர்றவனைக் கண்டா ஓடிடலாம். ஊட்ட வர்றவங்ககிட்ட இருந்து எங்க ஓடுறது?"

"வாயை அடக்கு" என்றது நரி.

"அடக்கிட்டுத்தான் இத்தனை நாள் இருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இருக்கு. அதனாலதான் இப்ப கத்துறேன்."

சுட்டி முனகியது. யானை அரசர் குட்டியைப் பார்த்தார். அதன் வயிற்றைப் பார்த்தார். பிறகு தும்பிக்கையைத் தாழ்த்திச் செவலையிடம் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"வழி வேணும்" என்றது செவலை. "இந்த எருமைங்க நகரணும். என் பிள்ளை நடக்கணும்."

எருமைகள் நகர்ந்தன. செவலை மூக்கால் முட்டி முட்டிக் குட்டியை எழுப்பியது. கொக்கு அதன் காதைப் பிடித்து இழுத்தது. சுட்டி தள்ளாடி எழுந்தது. கடற்கரையில் மெல்ல நடந்தது. நடுவில் படுத்துக்கொள்ளப் பார்த்தது. அம்மா விடவில்லை. யானை அரசர் முன்னால் போய் வழியில் கிடந்த கட்டைகளைத் தும்பிக்கையால் ஒதுக்கினார். மேளம் கொட்டிய மரங்கொத்திகள்கூடச் சத்தமில்லாமல் பின்னால் வந்தன.

வெயில் உச்சிக்கு ஏறி, சாயவும் தொடங்கியது. அப்போது சுட்டி நின்றது. வாலைத் தூக்கியது. லத்தி போட்டது.

கொக்கு சந்தோஷத்தில் கூவிக்கொண்டே மேலே பறந்துவிட்டது. யானை அரசரின் கண் கலங்கியது. எத்தனையோ வெற்றிகளைப் பார்த்தவர் ஒரு குட்டியின் லத்திக்காகக் கலங்கி நின்றார். சுட்டி குனிந்து கரையோரப் புல்லை ஒரு வாய் கடித்தது. அப்போதுதான் செவலைக்கு மூச்சு சீராக வந்தது.

"அப்பாடா!" என்றது நரி மந்திரி. "பாவம், குழந்தைக்கு வயிறு காலியாயிடுச்சு. கரடி, அந்தப் பாயசத்தை எடு."

பானையையும் தூக்கிக்கொண்டே பின்னால் வந்திருந்த கரடி பழக்கத்தில் அதை நீட்டிவிட்டது. செவலை திரும்பி நின்று பின்னங்காலால் ஒரு உதை விட்டது. பானை பறந்து போய் நரியின் தலையில் கவிழ்ந்தது. பாயசம் காது வழியாக வழிந்தது.

"போதும்" என்றது செவலை.

இந்த முறை அதை யாரும் அடக்கம் என்று நினைக்கவில்லை.

விருந்தாளி ‘போதும்’ என்று சொல்வதைக் காதில் வாங்காதவர் எத்தனை கூடை பரிமாறினாலும், அவர் பரிமாறுவது தன் பெருமையைத்தான்.