நத்தை தின்னும் அரக்கர்கள்

மலையடிவாரத்துச் சிறுநகரம் ஒன்றில், நூலகத்து மாடியில், மாயக்கதை எழுதிப் பழகுகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். மந்திர வாள், பறக்கும் குதிரை, வேற்றுக்கிரகம், இயந்திர மனிதன் எல்லாம் அங்கே வந்து போகும். அவர்களுக்கு ஆசிரியர் நஞ்சப்பன். ஐந்து நாவல் எழுதியவர். அதிகம் பேசமாட்டார்.

அந்த வகுப்பில் அல்லி என்று ஒருத்தி இருந்தாள். ரேஷன் கடையில் வேலை. ஆசிரியரைவிட இரண்டு வயது மூத்தவள். வானத்தில் தண்ணீராலேயே ஆன ஒரு கோளைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறன்று திருமாறன் தன் நாவலின் போர் அத்தியாயத்தை வாசித்தார். வங்கி அதிகாரி. கணீரென்ற குரல். அவர் கதையின் இளவரசன் உள்ளங்கையில் சங்கு ரேகையோடு பிறந்தவன். குயவர் வீட்டில் வளர்ந்தவன். வெண்தாடி முனிவர் ஒருவர் அவனிடம் வாளைக் கொடுத்துவிட்டு முறைப்படி செத்தும் போயிருந்தார். இப்போது எதிரிப் படை வந்துவிட்டது.

"சேற்றரக்கர் வந்தனர். ஏரிச் சேற்றில் பிறந்த குள்ளர்கள். விரலிடுக்கில் கறுப்புச் சேறு. நத்தையை ஓடு உடைத்து உறிஞ்சித் தின்பவர்கள். வாயைத் திறந்தால் தவளைச் சத்தம். அவர்களுக்குப் பெயர் கிடையாது. இரக்கம் கிடையாது. இளவரசன் வாளைச் சுழற்றினான். நூறு தலைகள் உருண்டன."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியரும் தட்டினார்.

அல்லி தட்டவில்லை. அவளுக்குக் காது மடல் சுட்டது. மடியில் இருந்த டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே எலுமிச்சைச் சோறு. வகுப்புக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் கொண்டுவருகிறாள். வீட்டில் வைத்த குழம்பை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

"கைதட்டினீங்களே சார்."

"தட்டினேன்."

"எதுக்கு?"

"சண்டை நல்லா வந்திருந்துச்சு."

"அந்த அரக்கன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க அண்ணன். எங்க மதினி. நான்." அவள் டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தாள். "மழைக்காலத்துல எங்க ஏரிக்கரையில நத்தைதான் குழம்பு. ஓட்டை உடைச்சு உறிஞ்ச மாட்டோம் சார். வேகவெச்சு ஊசியால எடுப்போம். கேவலப்படுத்தணும்னு உக்காந்தவரு, அதையாவது சரியா எழுதியிருக்கலாம்."

"அவர் உங்க ஊருக்கு வந்திருக்காரா?"

"ஏன் வர்றாரு? பஸ்ஸுல போறப்ப பார்த்திருப்பாரு. நாங்க சேத்துல இறங்கி நின்னிருப்போம். அது போதுமே அவருக்கு."

ஆசிரியர் ஜன்னலைச் சாத்தினார்.

"அவரை வகுப்பை விட்டு அனுப்பிடுங்க" என்றாள் அல்லி.

"அனுப்பினா வேற எங்கயாவது போய் இதையே வாசிப்பார். அங்க நீங்க இருக்க மாட்டீங்க."

"இங்க இருந்து மட்டும் நான் என்னத்தக் கண்டேன்?"

ஆசிரியர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்றார்.

"அடுத்த வாசிப்பை உங்க ஊர்ல வெச்சுக்கலாமா? உங்க மதினி எங்களுக்குச் சோறு போடுவாங்களா?"

அல்லிக்கு எரிச்சல் தலைக்கேறியது. எங்கள் வாசலுக்கே வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போகட்டும் என்கிறாரா? மறுத்துவிடத்தான் நினைத்தாள். பிறகு திருமாறனின் கணீர்க் குரல் நினைவுக்கு வந்தது. அந்த வாய் எங்கள் சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்து அதே வரிகளை எப்படிப் படிக்கும்? அதைப் பார்த்தே தீரவேண்டும்.

"போடுவாங்க" என்றாள்.

ஊரில் அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பெரிய எழுத்தாளர்கள் கதை சொல்ல வருகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். ஏரிக்கரையில், வலை காயப்போடும் மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள். மதினி குப்பாயி விடியலிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள்.

திருமாறன் வெள்ளைச் சட்டையில் வந்தார். இலையில் சோறு விழுந்தது. குழம்பும் விழுந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்கே. என்னதும்மா இது?"

"நத்தைங்க" என்றாள் குப்பாயி. "எங்க அல்லிக்கு உசுரு. கலியாணமாகி டவுனுக்குப் போயும் இதுக்காகவே ஓடி வருவா. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

திருமாறனின் கை நின்றது. அவர் அல்லியைப் பார்த்தார். அல்லியும் அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவர் முகம் மெல்லச் சிவந்தது. குனிந்து இலையிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து ஊர் கூடியது. திருமாறன் தாள்களைப் பிரித்தார். இளவரசன் பிறந்தான், வளர்ந்தான், வாளை வாங்கினான். ஊர் வாய் பிளந்து கேட்டது. முனிவர் செத்தபோது ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர் வந்தது.

திருமாறன் நிறுத்தினார். தாளைப் புரட்டினார். மறுபடி பின்னுக்குப் புரட்டினார்.

இப்போது படி, என்று அல்லி மனதுக்குள் சொன்னாள். படியேன்.

"அந்த அரக்கனுங்க எப்படி சாமி இருப்பானுங்க?" என்று குப்பாயி கேட்டாள்.

திருமாறன் தொண்டையைச் செருமினார். தாளை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, ஏரிக்கு அப்பால் நீலமாகத் தெரிந்த மலையைக் கைகாட்டினார்.

"அதோ அந்த மாதிரி ஒரு மலைக்குப் பின்னாடி இருந்து வந்தாங்க. புழுத்தின்னிகள்னு பேரு. தேனடையைப் பிய்ச்சா, தேனை விட்டுட்டுப் புழுவைத் தின்பானுங்க. பல்லிடுக்குல புழு நெளியும். குளிச்சதே கிடையாது."

"ச்சீ" என்று குப்பாயி மூக்கைப் பொத்தினாள். ஊரே சிரித்தது.

திருமாறனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு புழுத்தின்னி தாடியைச் சொறிந்துகொண்டு நடப்பதுபோல் நடித்துக் காட்டினார். அல்லி எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நெஞ்சில் ஒரு வாரமாக ஏறியிருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. இளவரசன் வாளைச் சுழற்றியதும் ஏரிக்கரை முழுக்கக் கைதட்டியது.

வகுப்புக்காரர்கள் முதல் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். திருமாறன் ஏறும் முன் அல்லியிடம் வந்து, "மன்னிச்சுக்கங்க, தெரியாம எழுதிட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் தலையசைத்தாள்.

அல்லியும் ஆசிரியரும் அடுத்த பஸ்ஸுக்காக ஏரிக்கரை வழியே நடந்தார்கள். ஆசிரியர் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ரொம்பக் கோவமாப் பேசிட்டேன் சார்" என்றாள் அல்லி.

"கோவம் சரிதான்."

"என்ன பண்றாருன்னு பார்க்கத்தான் கூட்டிட்டு வந்தேன். பரவாயில்ல, மனுஷன் திருந்திட்டாரு. எங்களைக் கதையை விட்டே எடுத்துட்டாரு."

ஆசிரியர் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்.

"மாயக்கதைன்னா யாராவது அரக்கனா இருக்கத்தானே சார் வேணும்? இல்லாட்டி இளவரசன் யாரை வெட்டுவான்? நாங்களா இல்லாமப் போனதே போதும்."

அவர் ஒருமுறைகூடத் தன் பக்கம் திரும்பவில்லை என்பதை அல்லி கவனித்தாள். கைதட்டலின்போதும் அவர் கைகள் மடியிலேயே கிடந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க ஏன் சார் சிரிக்கல?"

நஞ்சப்பன் நின்றார்.

"எங்க மலையில தேனையும் விட மாட்டோம் அல்லி. அது எல்லாருக்கும். புழு மட்டும் கொஞ்சமாத்தான் கிடைக்கும். எங்க அம்மா அதை வாழையிலையில மடிச்சுச் சுட்டு, எனக்குன்னு எடுத்து வைப்பாங்க."