குண்டு எழுத்து

வங்கி வேலையை விட்டுவிட்டு எழுத்துரு வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் தேவசகாயம். ஆசிரியை மாதங்கி அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை "டீச்சர்" என்பார். அவர் இவரை "சார்" என்பார்.

தேவசகாயம் ஓராண்டு உழைத்துத் தன் முதல் எழுத்துருவை முடித்திருந்தார். தடித்த எழுத்து. முனையெல்லாம் உருண்டிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், கேலியாக அல்ல, ஆசையாக.

அந்த வாரம் பக்கத்து ஊராட்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. கைவிடப்பட்ட கல்குவாரியில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. கோடையில் ஒரு பிள்ளை அதில் மூழ்கிப் போயிருந்தது. 'ஆழம் அதிகம், இறங்காதீர்கள்' என்று ஒரு பலகை வேண்டும்.

தேவசகாயம் தன் எழுத்திலேயே பலகையைச் செய்து கொண்டுவந்தார்.

மாதங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது வேண்டாம்னு தோணுது, சார்."

"ஏன் டீச்சர்? ரோட்டுல இருந்தே பளிச்னு தெரியும்."

"தெரியும்தான்."

"அப்புறம் என்ன குறை?"

மாதங்கி வண்டிச் சாவியை எடுத்தார். "வாங்க. அங்கேயே வச்சுப் பார்ப்போம்."

குவாரிக் கரையில் பலகையை ஒரு பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, இருவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணின் பின்னால் அவள் மகள் வந்தாள். இன்னும் படிக்கத் தெரியாத வயது. பலகையைக் கண்டதும் அம்மாவை விட்டுவிட்டு ஓடி வந்தாள். 'ழ'வின் வளைவை விரலால் தடவினாள். புள்ளியை அமுக்கிப் பார்த்தாள். பிறகு பலகையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தாள்.

தேவசகாயம் பாய்ந்து போய் அவளைத் தூக்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் பயப்படவில்லை. "இங்க நீச்சல் குளம் கட்டப் போறீங்களா?" என்று கேட்டாள்.

தேவசகாயம் அவளை இறக்கிவிடாமலே நடந்தார். பிள்ளையை அம்மாவிடம் கொண்டுபோய் விட்டார். பலகையைத் தானே சுமந்து வந்து வண்டியில் ஏற்றினார்.

அன்று மாலைக்குள் வேறு பலகை தயாரானது. நெட்டுக்குத்தான, கூரிய முனையுள்ள எழுத்து. ஊராட்சி ஆட்கள் அதை நட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தேவசகாயம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், என் எழுத்தை அழிச்சிடட்டுமா?"

"அழிக்காதீங்க, சார்."

"வேற எதுக்கு ஆகும் இது?"

மாதங்கி தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குழந்தைகள் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. ஊசி போடுற ரூமுக்குள்ள வரமாட்டேன்னு பிள்ளைங்க வாசல்லயே நின்னு அழுதுங்களாம். கதவுல மாட்ட ஒரு பலகை கேட்டாங்க."