மச்சினன் கலயத்துல முந்நூத்திப் பன்னெண்டு புளியமுத்து

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகிப்போகட்டும். இந்த நாக்குதான் எனக்குச் சோறு போடுது, அதனால அது மேல பொய்ச்சத்தியம் பண்ண மாட்டேன். மத்தது எது மேலயும் பண்ணுவேன்.

முள்ளிக்குடி அரமனையில ராசா செங்கணத்துரைக்கு விகடம் பேசுறவன் நான். பேரு ஆண்டிக்கூத்தன். எழுத்து வராது. எண்ணிக்கை வரும், நூறைத் தாண்டுனா மூச்சு வாங்கும். ராசா கொட்டாவி விட்டா சிரிக்க வைக்கணும். சிரிச்சா எனக்குச் சோறு. சில நாளு நான் பேசப் பேச ரெண்டாவது கொட்டாவி வந்துரும். அன்னைக்குப் பட்டினி.

ராசாவுக்கு ஒரு மச்சினன், ராணியம்மாவோட தம்பி, மயில்வாகனத்துரை. கண்மாய் மடையை ஒட்டி, கண்ணுக்கெட்டின மட்டும் அவரு வயலுதான். கடைமடையில எனக்கும் ஒரு வயலு இருக்கு. எருமை படுத்தா மறைஞ்சுரும். துரைக்கு மூணு போகம் போட ஆசை. அதுக்குக் கண்மாய்த் தண்ணி பூரா தன் கைக்கு வரணும். மடையைத் தொறக்கச் சொல்ற அதிகாரம் ஊர்த்தலைவருக்குத்தான். அதனால தலைவராயிரணும்னு ராணியம்மாகிட்ட அழுதிருக்காரு.

எங்க ஊரு ஓட்டு எப்படின்னா, கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சதும், வயலு உள்ள ஒவ்வொருத்தர் பேருக்கும் கோயில் மண்டபத்துல ஒரு கலயம் வைப்பாங்க. ஆணு பொண்ணு எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு புளியமுத்து. திரைக்குப் பின்னால போயி நினைச்ச கலயத்துல போட்டுட்டு வரணும். எதுல முத்து அதிகமோ அவரு தலைவர். ராச குடும்பத்துக்கு மட்டும் கலயம் வைக்கிறதில்ல.

ராசா என்னைக் கூப்பிட்டாரு. மச்சினன் பேருக்கும் இந்த வருசம் ஒரு கலயம் உண்டுன்னாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க.

"ஊரு பூரா அவருக்கே போடணும் ஆண்டி. ஒரே ஒரு முத்து வேற கலயத்துல விழுந்தாலும் நீ ஊரை விட்டுப் போயிரணும்."

செய்யாட்டி ஊரு போச்சு. செஞ்சா தண்ணி போச்சு. மாட்டிக்கிட்டவன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டேன். எனக்கு அந்த மூஞ்சி சுளுவா வரும், பொறக்கும்போதே அதோடதான் பொறந்தேன்.

பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தலைவரானா ஊர் வழக்கத்தை ஒண்ணு விடாம நடத்துவேன்னு துரை சத்தியம் பண்ணணும், ராசா சாட்சி நிக்கணும்னேன். துரை என்ன வழக்கம்னு கூடக் கேக்கல. கோயில் வாசல்ல ஊருக்கு முன்னால அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு.

ஓட்டு முடிஞ்சு எண்ணுனோம். நூறு வரைக்கும் நான் எண்ணுனேன், மிச்சத்தைக் கணக்குப்பிள்ளை எண்ணுனாரு. முந்நூத்திப் பன்னெண்டு முத்து. பூராவும் துரை கலயத்துல. மத்த கலயத்துல எறும்புதான் ஓடுச்சு. ராசாவுக்குப் பெருமை தாங்கல. துரை போட்ட மாலையோட மடைக்கு நடந்தாரு, தன் வயலுக்குத் தொறந்து விடச் சொன்னாரு.

மடை பாக்குற கருமலை கும்பிட்டான்.

"துரை மன்னிக்கணும். தலைவர் வயலுக்குக் கடைசித் தண்ணி, அதான் ஊர் வழக்கம். கடைமடை பூராவும் பாஞ்ச பெறகுதான் உங்களுக்கு."

துரை குதிச்ச குதியில மாலை அந்து போச்சு. குதிச்சு என்ன பண்ண, சத்தியம் ஊருக்கே தெரியும். ராசா என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வையில என் வேட்டி தானா நழுவுச்சு. ஒரு கையால அதைப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏண்டா, பிரியத்துல போட்டாங்கன்னுல்ல நினைச்சேன்?"

"கடைசித் தண்ணிக்கு எவன் ஆசைப்படுவான் ராசா? எங்க ஊர்ல ஆகாதவன் கலயத்துலதான் முத்துப் போடுவோம். அவனும் தன் வயலுக்குத் தண்ணி வந்து சேரணுமேன்னு ஒரு சொட்டு வீணாக விட மாட்டான். ஊருக்கு அதைவிட நல்ல தலைவன் ஏது?"

ராசா மீசையைத் தடவுனாரு. மச்சினனைப் பாத்தாரு. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. மச்சினன் வாய்ச்ச எந்த மனுசனும் அப்படித்தான் சிரிப்பான். தோள்ல கிடந்த பட்டுத்துண்டை எடுத்து எனக்குப் போத்திவிட்டாரு. போத்திவிட்டுட்டு, ஒரு சந்தேகம் கேட்டாரு.

"ஊரே தானாப் போட்டுருக்கு. இதுல உனக்கு ஒரு வேலையும் இல்லையேடா. மூணு நாளா எங்க போயிருந்த?"

"முந்நூத்திப் பதினொண்ணுதான் ராசா தானா விழுந்துச்சு. மிச்சம் ஒண்ணுக்கு மூணு நாளா காலைப் புடிச்சுக் கெஞ்சினேன். அவ வருசம் தவறாம என் கலயத்துலதான் போடுவா."

"யாருடா அவ?"

"என் சம்சாரம்."

சரி, கதை அவ்வளவுதான். பட்டுத்துண்டை அவ வாங்கிக்கிட்டா. அதனால கேட்டவங்க ஆளுக்கு ஒரு கோழி குடுத்துட்டுப் போங்க. கோழி இல்லைன்னு கையை விரிக்கிறவங்க பேரை மட்டும் சொல்லுங்க. கார்த்திகையில உங்களுக்கும் ஒரு கலயம் வச்சுருறேன்.