சென்னியப்பன் காரின் சத்தங்கள்

காரைத் தன் கையால் கட்டியவரே பந்தயத்தில் அதை மிக நன்றாக ஓட்டுவார் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது. இந்தப் பிழையை இனியும் தொடர விடுவது முறையல்ல. பந்திக்குச் சமைத்தவர் அதே பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சான்று எதுவும் இல்லை.

சென்னியப்பன் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். கோழிப்பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த, அறுபத்திரண்டாம் வருடத்து நான்கு கதவுக் காரின் கூட்டை வாங்கி, ஏழு வருடம் பாடுபட்டு அதைப் பந்தயக் காராக்கினார். அவருடைய குரு கோகிலவாணி, பழைய கார்ப் பிரிவில் மூன்று முறை முதலிடம் பெற்றவர். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று. இதில் இருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

கோவைக்கு வெளியே பந்தயத் தடம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நிற்க வேண்டுமானால், சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் ஒரு சுற்றையாவது நூறு வினாடிக்குள் முடிக்க வேண்டும். காலையில் சென்னியப்பனுக்கு நூற்று நான்கு ஆனது. பிற்பகலில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் கார் லாரியேறி வீட்டுக்குப் போகும். அடுத்த வருடம் பழைய கார்ப் பிரிவே கிடையாது என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

"என்கிட்ட என்ன குறை, அம்மணி?"

கோகிலவாணி காரில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மதியப் பயிற்சி நேரத்தில் ஒரு சுற்று போனார்கள். முதல் வளைவு தாண்டியதும் பின்னால் டக் என்றது.

"அது என்னங்க சார்?"

"இடது பின்கதவுக் கொண்டி. உடுமலையில வாங்கினது."

அடியில், பின் அச்சுப் பக்கம் ஏதோ உறுமியது.

"இது?"

"டிஃபரன்ஷியல். நாமக்கல் டாக்டர் ஒருத்தர் கார்ல இருந்தது. பாவம், வயசாயிருச்சு."

சுற்று முடிந்து இறங்கினார்கள்.

"ஒரு சுத்துல பதினாலு தடவை ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்க."

"வளைவு வருதில்ல?"

"வளைவு ஆறுதானுங்க. மிச்ச எட்டும் சொந்தக்காரங்களை நலம் விசாரிச்சது."

"காதுல பஞ்சு வெச்சுக்கட்டுமா?"

"வெச்சா இன்னும் கூர்ந்து கேப்பீங்க."

கோகிலவாணி அவரை டீ வாங்கி வர அனுப்பினார். அவர் திரும்பி வந்தபோது பானெட் மூடியிருந்தது. குரு அதன்மேல் உட்கார்ந்து, ஒரு ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணினீங்க?"

"கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

"எதை?"

"டீ ஆறுதுங்க."

"கொஞ்சம் எந்திரிங்க, பார்த்துக்கறேன்."

"என்னை நம்பறீங்களா, இல்லீங்களா?"

"நம்பறேன். ஆனா ஏழு வருஷத்துல எனக்குத் தெரியாம அதுக்குள்ள ஒரு வாஷர் போனதில்லை, அம்மணி."

"இப்பப் போயிருச்சு."

பிற்பகல் மூன்றாவது சுற்றில் தொண்ணூற்றெட்டரை வினாடி.

சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார்.

"உள்ள ஒரே சத்தம். எது என்னோடது, எது நீங்க மாத்தினதுன்னு பிரிக்கவே முடியலை. எதுக்குன்னு காலை எடுக்கறது? எடுக்கறதையே விட்டுட்டேன்."

"சரிங்க."

"இப்பவாவது சொல்லுங்க. எதை மாத்தினீங்க?"

கோகிலவாணி அவரிடமிருந்து கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"தாராளமா சொல்றேன் சார். ஆனா சொல்லிட்டா நாளைக்கு நான் ஓட்டறேன், நீங்க இங்க நின்னு கேட்டுக்கிட்டு இருங்க."

சென்னியப்பன் கையை நீட்டினார். சாவி திரும்பி வந்தது.

ஞாயிறு காலை வாகனப் பரிசோதகர் வந்து பானெட்டைத் தூக்கினார். சென்னியப்பன் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.