யாரை நிறுத்தச் சொன்னீர்கள்?

"முன்னால நெருப்பையும் பார்க்கோணும், பின்னால அய்யா வாயையும் பார்க்கோணும். எனக்கு இருக்கறது ஒரு மூஞ்சிதானுங்கண்ணா."

குரல் தீயணைப்பு வண்டியின் மறுபக்கத்திலிருந்து வந்தது. இளம் தீயணைப்பு வீரன் திருமூர்த்தியுடையது. கேட்டுக்கொண்டிருந்தவர் பம்ப் இயக்கும் காளீஸ்வரன். அவர் சிரித்தார்.

இந்தப் பக்கம் டயரைப் பார்க்கக் குனிந்திருந்த நிலைய அலுவலர் அங்கமுத்து நிமிரவில்லை. நிமிர்ந்தால் தலை தெரிந்துவிடும்.

"பேசாம உடுமலைக்கு மாத்தல் கேட்டரலாம்னு இருக்கறனுங்க."

இப்போது காளீஸ்வரன் சிரிக்கவில்லை.

அங்கமுத்து மாவட்ட அலுவலரைப் பார்க்கப் போனார். மும்தாஜ் அவரைவிட வயதில் இளையவர், பதவியில் பெரியவர்.

"மேடம், நல்ல பையன் ஒருத்தன் கையை விட்டுப் போறானுங்க."

"ஏன்?"

"என் மேல நம்பிக்கை இல்லீங்க. போன வாரம் தேங்காய் நார் குடோன்ல நெருப்பு. உள்ள நின்னு தண்ணி அடிச்சுட்டு இருந்தான். நடுவுல தண்ணி நின்னுபோச்சு. முழங்கையில சுட்டிருச்சுங்க."

"யார் நிறுத்தினது?"

"பம்புல நின்ன காளீஸ்வரன்தானுங்க. எல்லார் முன்னாலயும் நல்லாக் கேட்டுட்டேன். ஆனாப் பையன் திரும்பித் திரும்பி என்னையத்தான் பார்க்கறான்."

"நீங்க அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"அவன் பின்னாலயே நின்னு சொல்லிட்டே இருந்தனுங்க. இடது, வலது, மேல, கீழ. ஒரு நிமிசம் வாயை மூடலீங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது.

மும்தாஜ் பேனாவை மூடினார். "நாளைக்குக் காலைல டிரில்லுக்கு வர்றேன். உங்க ஸ்டேஷன் டீ நல்லா இருக்குமா?"

"சுமாருங்க."

"பரவாயில்லை."

மறுநாள் நிலையத்து முற்றத்தில் ஹோஸின் முனையை எடுத்து அங்கமுத்துவிடமே கொடுத்தார் மும்தாஜ்.

"இன்னிக்கு நீங்க அடிங்க. சுவர்ல கரியால வட்டம் போட்டிருக்கு பாருங்க, அதுதான் நெருப்பு."

காளீஸ்வரன் தண்ணீரைத் திறந்தார். அங்கமுத்து காலை ஊன்றி வட்டத்தின் நடுவில் அடித்தார். கை மறந்திருக்கவில்லை.

"இடது," என்றது பின்னாலிருந்து மும்தாஜின் குரல்.

அவர் இடது பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் வலது. மேல. அவ்வளவு மேல இல்லை. இப்ப இடது."

தண்ணீர் சுவரெங்கும் விழுந்தது. வட்டத்தில் மட்டும் விழவில்லை.

"எனக்கே தெரியுமுங்க மேடம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிறுத்து!"

தண்ணீர் நின்றது. ஹோஸ் அவர் கையில் துணிபோல் தொங்கியது.

"காளீஸ்வரா! எவன்யா நிறுத்தச் சொன்னது?"

"மேடம் சொன்னாங்கய்யா."

"நான் ஆட்டைச் சொன்னேன்," என்றார் மும்தாஜ்.

திறந்திருந்த கேட் வழியாக வந்த ஆடு, கொடியில் காய்ந்த காக்கிச் சட்டையை மென்றுகொண்டிருந்தது.

யாரோ இருமினார்கள். இருமல்போலத்தான் இருந்தது.

'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்தால் பம்பில் நிற்பவர் உடனே தண்ணீரை மூடிவிட வேண்டும். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று யோசிக்கக் கூடாது. நிலையத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் அங்கமுத்துதான்.

மும்தாஜ் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"குடோன்ல அன்னிக்கு நீங்க யாரை நிறுத்தச் சொன்னீங்க சார்?"

அங்கமுத்து சுவரைப் பார்த்தார். ஈரம் வழிந்துகொண்டிருந்தது.

"டிராக்டரைங்க," என்றார் கடைசியில். "நார் லோடோட உள்ள வந்துட்டு இருந்துச்சுங்க."

ஹோஸைக் கீழே வைத்துவிட்டுக் காளீஸ்வரனிடம் போனார். எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்.

"அன்னிக்கு நீ பண்ணினது சரி. தப்பு என்னுது."

"அதை வுடுங்கய்யா. முதல்ல ஆட்டைப் புடிங்க. அது உங்க சட்டையாட்டம் இருக்குது."

இந்த முறை யாரும் இருமவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரித்தான்.

ஆடு போன பிறகு அங்கமுத்து மும்தாஜிடம் வந்தார்.

"வாயை மூடிக்கிட்டா, அப்புறம் அதிகாரிக்கு அங்க என்ன வேலைங்க மேடம்?"

மும்தாஜ் ஹோஸைத் திருமூர்த்தியிடம் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் மறுபடி பாய்ந்தது. டீ தம்ளரை அங்கமுத்துவின் கையில் வைத்தார்.

"குடிச்சுக்கிட்டே ஒரு சுத்து வாங்க."

டீ கொதித்தது. ஊதி ஊதிக் குடித்தபடி அவர் முற்றத்தைச் சுற்றினார். வண்டிக்குப் பின்னால் ஹோஸ் ஓரிடத்தில் மடங்கிக் கிடந்தது. பூட்ஸ் காலால் அதை நேராக்கினார். சுவரில் தண்ணீர் பலமாக மோதும் சத்தம் கேட்டது.

தண்ணீர் திடீரென்று ஏன் பலமானது என்று திருமூர்த்திக்குத் தெரியவில்லை. வட்டம் கரைந்துகொண்டிருந்தது.

"டீ எப்படி?" என்றார் மும்தாஜ்.

"நல்லா இருக்குதுங்க," என்றார் அங்கமுத்து. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நெருப்பு ஒரு மர அறுவை மில்லில்.

"வாசப்பக்கம் உன்னுது," என்று திருமூர்த்தியிடம் ஒரே ஒருமுறை சொன்னார் அங்கமுத்து. பிறகு கட்டடத்தைச் சுற்றி நடந்தார்.

முன்னாலிருந்து பார்க்கும்போது நெருப்பு அடங்குவதுபோலத்தான் இருந்தது. பின்னால் காற்று திரும்பியிருந்தது. பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். சுவர் வாசல் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

அங்கமுத்து ஓடி வந்தார். கத்தவில்லை. திருமூர்த்தியின் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தார்.

திருமூர்த்தி ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீரை நெருப்பிலிருந்து எடுக்காமல், அந்தக் கை இழுத்த பக்கமே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான்.