முதலில் கத்தியவள்

அல்லிக்குளத்துப் பறவைகளுக்கு எந்நேரமும் நரி பயம். அதனால் கரைமேட்டில் காவல் போட்டிருந்தார்கள். காவல் பார்ப்பவர்களுக்கு, நரி எட்டாத நடுத்திட்டில் கூடு கட்ட இடம் உண்டு.

காவல் தலைவர் ஒரு தாழைக்கோழி. அவருக்குக் கீழே காவலர்கள் எல்லோரும் நெற்றியில் வெள்ளைப் பட்டை கொண்ட நாமக்கோழிகள். ஒருத்தி மட்டும் ஆள்காட்டிக் குருவி. பொழுது சாயும்போது அவள் மேற்கே திரும்பி, தலை தாழ்த்தித் தொழுவாள். அது அவள் இனத்தாரின் வழக்கம். நாமக்கோழிகளும் காலையில் கிழக்கே பார்த்து முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார்கள். அதற்கு மட்டும் யாரும் முகம் சுளித்ததில்லை.

ஒருநாள் பக்கத்துக் குளத்தில் நரி புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அங்கேயும் ஆள்காட்டிகள் காவல் இருந்தார்களாம். அவ்வளவுதான், எல்லோர் கண்ணும் இவள்மேல் விழுந்தது.

காவல் தலைவர் தாழைக்கோழி அவளைக் கூப்பிட்டார்.

"நரி வரும்போதெல்லாம் நீதான் முதல்ல கத்துற. உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன், தெரியுது ஐயா."

"சாயங்காலம் மேற்கே பார்த்துத் தலையைத் தாழ்த்துறியே, யாருக்குச் சாடை காட்டுற?"

"அது தொழுகை ஐயா. படைச்சவனுக்கு."

"நரிப்புதரும் மேற்கேதானே இருக்கு?" என்றான் ஒரு நாமக்கோழி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை நீ முதல்ல கத்தினா, நீ நரியோட ஆளுன்னுதான் அர்த்தம். திட்டைக் காலி பண்ணிடணும்" என்றார் தலைவர்.

திட்டில் அவள் முட்டைகள் பொரியும் தறுவாயில் இருந்தன. அன்றிலிருந்து அவள் மனதுக்குள்ளேயே தொழுதாள். யாரோடும் பேசுவதில்லை.

ஒரு மதியம் நாணலுக்குள் பழுப்பு முதுகு ஒன்று அசைந்தது. ஆள்காட்டி பார்த்துவிட்டாள். தொண்டைவரை வந்த குரலை விழுங்கினாள். வேறு யாராவது கத்தட்டும், உடனே நாமும் கத்தலாம் என்று பக்கத்திலிருந்த நாமக்கோழியைப் பார்த்தாள். அவனோ நாணலைப் பார்க்கவே இல்லை. இவளையே வேவு பார்த்துக்கொண்டிருந்தான்.

நாணலோரம் தலைவரின் குஞ்சு பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வீறிட்டாள். அதற்குள் நரி குஞ்சைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

தலைவர் அலறிக்கொண்டு வந்தார். "முன்னாடியே பார்த்தியா?"

"பார்த்தேன் ஐயா."

"அப்பவே ஏன் கத்தலை?"

"முதல்ல கத்தினா திட்டைக் காலி பண்ணணும்னு சொன்னீங்களே ஐயா."

தலைவருக்குப் பின்னாலிருந்து, அவளை வேவு பார்த்த நாமக்கோழி முணுமுணுத்தான்: "பாருங்க, இப்பவும் இவதான் முதல்ல கத்தினா."

வேறு விதமாகத் தொழுகிறார் என்பதற்காக, உடன் வேலை செய்பவரைச் சந்தேகித்து மிரட்டுகிற இடத்தில், ஆபத்து வரும் வழியைப் பார்க்க ஒரு கண்ணும் மிஞ்சாது.